கண்வலிக்கிழங்கைத் தேடியவள்

ஒருவர் முகம் ஒருவர் அறியாத பலர் கூடி, சம்பளம் இல்லாமல், சண்டைக்கு மட்டும் குறைவில்லாமல் எழுதிவந்த இணையக் கலைக்களஞ்சியம் ஒன்று இருந்தது. அதில் ஜெபராஜ் என்ற வேளாண்மை அலுவலர் 'கண்வலிக்கிழங்கு' என்று ஒரு கட்டுரை எழுதினார். நடவு, உரம், அறுவடை எல்லாம் சொல்லிவிட்டு, கிழங்கு கொடிய நஞ்சு என்பதைக் கடைசி வரியில் வைத்தார்.

தலைப்புகளைச் சீராக்கும் பொறுப்பு நூருன்னிசாவுடையது. பூச்செடிகளுக்குப் பூவின் பெயரே தலைப்பு என்பது களஞ்சியத்தின் விதி. எனவே தலைப்பைச் 'செங்காந்தள்' என்று மாற்றினார். மற்றச் செடிக் கட்டுரைகளில் உள்ளபடி நஞ்சுக் குறிப்பை முதல் வரிக்கு ஏற்றினார். பழைய பெயர் குப்பையாகக் கிடக்க வேண்டாமென்று அதை அழித்தும்விட்டார். சுத்தம் என்றால் அவருக்கு அப்படி ஒரு வெறி.

மூன்றாமவர் வடிவு. கட்டுரையில் ஒரு வரிகூட எழுதாதவர். பழைய பெயரைத் தேடினாலும் புதிய பக்கத்துக்கே போகும்படி ஒரு வழிமாற்று மட்டும் போட்டார்.

"விதி தெரியாம எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று நூருன்னிசா கடிந்துகொண்டார்.

"இருந்துட்டுப் போகட்டும் மேடம். யாராவது தேடுவாங்க."

நாமக்கல்லில் லாரி ஓட்டும் செங்கோடன், சரக்கு இறக்கியபோது சிந்திய கிழங்குகளை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"என்ன கிழங்குங்க இது?" என்றாள் மனைவி பரிமளா.

"மூட்டையில கண்வலிக்கிழங்குன்னு போட்டிருந்துச்சு. வேக வையி, பிள்ளைங்க பசியா இருக்குதுங்க."

அடுப்பில் ஏற்றியவள், எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்று பார்க்கக் கைப்பேசியில் களஞ்சியத்தைத் திறந்து அந்தப் பெயரைத் தட்டினாள். கொடிய நஞ்சு என்ற முதல் வரியைப் படித்ததும் அடுப்பை அணைத்தாள். பானையை இறக்கி, குழி தோண்டிக் கொட்டினாள். பிள்ளைகள் மோர்ச்சோறு தின்றார்கள். நடந்ததை அவளே அந்தப் பக்கத்தின் கீழ் எழுதி நன்றி சொன்னாள்.

ஆண்டுக் கூட்டத்தில் இதற்கென்று ஒரே ஒரு கேடயம் வைத்தார்கள். எழுதியவன் நான் என்றார் ஜெபராஜ். "கடைசி வரி வரைக்கும் அந்தம்மா படிச்சிருப்பாங்களா?" என்று கேட்டார் நூருன்னிசா. வடிவுக்காகப் பக்கத்தில் இருந்தவர்கள் பேசினார்கள்.

நீங்களே சொல்லுங்கள், கேடயம் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: வடிவுக்கு. ஜெபராஜின் அறிவும் நூருன்னிசாவின் ஒழுங்கும் இல்லாமல் அந்த முதல் வரி இல்லைதான். ஆனால் அறியாத ஒருத்தி எந்தப் பெயரோடு வந்து நிற்பாள் என்று நினைத்துப் பார்த்தவர் வடிவு மட்டுமே. கூட்டத்தில் இதை எழுந்து சொன்னவர் நூருன்னிசா. "நான் செஞ்சபடியே விட்டிருந்தா, அப்படி ஒரு கட்டுரையே இல்லைன்னுதான் அந்தம்மாவுக்கு வந்திருக்கும்" என்றார். மறுநாள், தாம் அழித்த பழைய பெயர்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட உட்கார்ந்தார்.