துவைகல்லில் வைத்த ஃபோகஸ்

இருட்டிய பிறகு, தேயிலைத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குப் பின்னால் ஈர மரத்தை ரம்பத்தால் அறுப்பதுபோல ஒரு சத்தம். அந்த எஸ்டேட்டில் அந்த நேரத்தில் மரம் அறுப்பவர் யாரும் இல்லை.

சிறுத்தை என்றாள் லயனில் குடியிருந்த ரெஜினா. நாய் என்றார் மேனேஜர். படம் காட்டினால் லயனைச் சுற்றி வேலி போடுவதாகச் சொன்னார். ரெஜினாவின் மகன் அபினுக்கு அப்போதுதான் நடை வந்திருந்தது.

எஸ்டேட்டில் கல்யாணங்களுக்கும் கால்பந்து மேட்சுகளுக்கும் படம் எடுப்பவள் பிலோமி. அவளிடம் கேமராவும் பாடமும் கேட்டு வாங்கினாள் ரெஜினா. பிலோமி ஆறு வயது இளையவள். ஆனாலும் ரெஜினா அவளை டீச்சர் என்றே கூப்பிட்டாள்.

இரண்டு இரவு கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள். இரண்டு இரவும் அது வந்தது. படமும் விழுந்தது. கொடியில் காய்ந்த அபினின் சட்டை பட்டன்வரை தெளிவு. பின்னால் மஞ்சளாக ஒரு கறை.

"சட்டை நல்லாயிருக்கு. எங்கே வாங்கினே?" என்றார் மேனேஜர்.

ரெஜினா பிலோமியிடம் வந்தாள்.

"டீச்சர், ஒரு தடவை பிடிச்சு நிக்கிற ஃபோகஸ் வைச்சேன். மறுநாள், ஓடுறதைத் துரத்துற ஃபோகஸ் வைச்சேன். ரெண்டும் சட்டையைத்தான் பிடிக்குது. துணியை எடுத்துடட்டுமா?"

"எடுத்தா கொடியைப் பிடிக்கும். அது கிடக்கட்டும். உங்க வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு வர்றப்போ எங்கே பார்ப்பீங்க அக்கா?"

"ரோட்டு வளைவுல."

"தேயிலைக்குள்ளே தேட மாட்டீங்களா?"

"அங்கே எதுக்கு? வளைவுலதானே வந்தாகணும்."

"அப்போ ஆளே இல்லாத வளைவைப் பார்த்துக்கிட்டு நிப்பீங்க."

"ஆமா, அதுக்கென்ன..." ரெஜினா நிறுத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "குழாயடித் துவைகல்லைத் தாண்டித்தான் அது தண்ணிக்குப் போகும்."

அன்று வெளிச்சம் இருக்கும்போதே பிலோமி துவைகல் பக்கத்தில் போய் நின்றாள். ரெஜினா வாசலிலிருந்து அவள்மேல் ஃபோகஸ் வைத்தாள். அப்படியே மேனுவலுக்கு மாற்றி, லென்ஸ் வளையம் நகராமல் பிளாஸ்திரி ஒட்டினாள்.

"இனி இது எதையும் தேடாது" என்றாள் பிலோமி.

இருட்டியது. அபின் உள்ளே தூங்கினான். இருவரும் வாசலுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். குழாயடி பல்பின் மங்கல் வெளிச்சத்தில் சிறுத்தை கல்லருகே வந்தது. ரெஜினா அழுத்தினாள். திரையில் விலாப் புள்ளிகளை எண்ணலாம் போலிருந்தது.

"விழுந்துடுச்சு டீச்சர்!"

"மேனேஜருக்கு இது போதும்."

"இன்னொண்ணு. முகத்தோட வேணும். நாயாம்ல, நாய்!"

"அக்கா, திரும்புங்க."

"இருங்க டீச்சர், தலையைத் தூக்குது."

"லென்ஸைத்தான் பூட்டச் சொன்னேன். உங்க கண்ணை இல்ல."

ரெஜினா திரும்பினாள். பக்கத்தில் அபின் நின்றான், தூக்கம் கலைந்து நடந்து வந்தவன். அவனுடைய ஒரு கால் வாசலுக்கு வெளியே இருந்தது. பிலோமி அவன் இடுப்பை இறுகப் பிடித்திருந்தாள்.

 ரெஜினா கேமராவைக் கீழே வைத்தாள். பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தி, உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.