உச்சியில் நின்ற உதயன்

வெகு வெகு காலத்துக்கு முன்னே, மேகம் மலைக்கோட்டையில் வந்து படுத்துக்கொண்ட காலத்திலே, செம்பொழில் என்றொரு நாடு. முடிசூடக் காத்திருந்த அதன் இளவரசனுக்கு ஆசை ஒன்றே ஒன்று. தனக்கு மேலே யாருமே இருக்கக் கூடாது. ஆசைப்பட்டதில் தப்பில்லை, அதைப் போய் ஒரு மந்திரவாதியிடம் சொன்னானே, அதுதான் தப்பு.

"எல்லாருக்கும் மேலே நிற்கிற மாதிரி என்னை வரை" என்றான்.

மந்திரவாதி வர்ணகேது தண்ணீரில் வர்ணம் கரைத்து மலையை வரைந்தான். உச்சியில் கிரீடத்தோடு இளவரசனை வரைந்தான். வர்ணம் காய்ந்ததும் இளவரசன் நின்ற இடம் காலி. ஆள் படத்துக்குள்ளே இருந்தான்.

"படத்தில் இருப்பவன் யாரென்று சரியாகச் சொன்னால் இறங்கி வருவான். தப்பாகச் சொன்னால் வர்ணம் வெளுக்கும். நாலாவது தப்புக்கு வெறும் தாள்தான் மிஞ்சும்" என்று சொல்லி அவன் மறைந்தான்.

அந்த அரண்மனையில் ராஜகுடும்பத்தாரைப் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே கிடையாது, எல்லாம் பட்டப்பெயர்தான். படத்தைப் பார்த்துச் சொல்ல வந்த பண்டிதர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள், பாவம்?

"மலை என்றால் வெற்றி. இவர் எட்டுத் திசையும் வென்ற தீரர்" என்றார் முதல் பண்டிதர். வானம் வெளுத்தது.

"கிரீடம் என்றால் சூரியன். இவர் சூரியகுலத் திலகம்" என்றார் இரண்டாமவர். மலை வெளுத்தது.

"உயரம் என்றால் ஞானம். இவர் மூவுலகும் போற்றும் மேதை" என்றார் மூன்றாமவர். கிரீடம் வெளுத்தது.

இளவரசன் மட்டும் மங்கலாக மிஞ்சினான். அவன் அக்காள் மதுரவல்லி முன்னே வந்தாள். அதுவரை எல்லாரும் கிரீடத்தையே பார்த்திருந்தார்கள், அவள் பாதத்தைப் பார்த்தாள். கால்விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன. உப்பரிகையில் நிற்கும்போதெல்லாம் அவன் அப்படித்தான் நிற்பான்.

"அம்மா, இன்னொரு தப்பு தாங்காது. நல்ல பட்டமாகச் சொல்லுங்கள்" என்றார் மந்திரி.

"பட்டம் வேண்டாம், மந்திரியாரே. இவன் என் தம்பி உதயன். உயரம் என்றாலே இவனுக்குப் பயம். அது யாருக்கும் தெரியக் கூடாது என்றுதான் மேலே மேலே போகப் பார்த்தான்."

படத்திலிருந்து சொட்டச் சொட்ட நனைந்து உதயன் வெளியே விழுந்தான்.

"அக்கா, எல்லார் முன்னாலும் சொல்லிட்டியே."

"சொல்லாமல் உன்னை இழக்கச் சொல்றியா?"

அவள் மடியில் முகம் புதைத்து அவன் அழுதான். ஆசை தீர அழுதான். பிறகு, "சிம்மாசனத்தில் நீ உட்கார், அக்கா. எனக்குத் தரைதான் பிடிக்கும்" என்றான்.

அப்படியே அவள் அரசியானாள். அவன் கீழே நின்று குடிகளின் குறை கேட்டான். பயத்தோடு வந்தவர்கள் எல்லாரும் முதலில் அவனைத்தான் தேடினார்கள். அவர்கள் நன்றாக இருந்தார்கள், கேட்ட நீங்களும் நன்றாக இருங்கள்.