ஆவாரை வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் ஆடுமாடுகள் மட்டுமல்ல, செடிகொடிகளும் பேசும். பேசும் என்றால் ஏதோ ஒன்றிரண்டு வார்த்தை அல்ல, ஓயாமல் பேசும். வேம்பின் நிழலில் ஒருவன் நிம்மதியாகக் கண்ணயர முடியாது. ஊர்க்கதை முழுவதையும் அது சொல்லி முடித்தாக வேண்டும். தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கும், வெயில் சுட்டால் வெயிலைத் திட்டும்.

அப்போது கானல்மேடு என்று ஒரு செம்மண் ஊர் இருந்தது. ஊருக்கு மேற்கே ஒரு மேடு, மேட்டுக்குக் கீழே ஒரு ஊருணி. குடிக்க அந்த ஊருணியை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது. மேட்டில் முன்பு புதர் மண்டிக் கிடந்தது. அடுத்தடுத்து மழை பொய்த்ததில் எல்லாம் கருகிப் போயின. பிடித்து வைக்க வேர் இல்லாததால், மேட்டு மண் ஆடிக்காற்றில் கிளம்பி வந்து ஊருணிக்குள் விழுந்தது. இப்படியே போனால் ஊருணி தூர்ந்துவிடும். ஊர் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஊரார் கூடிப் பேசி ஊருணிக்கரையில் ஒரு நாற்றங்கால் போட்டார்கள். கீற்றுப் பந்தல், அதன் கீழே பனையோலைக் கொட்டான்களில் மண்ணும் சாணமும், அதற்குள் விதை. கூலி கிடையாது, மேஸ்திரி கிடையாது. யாருக்கு நேரம் ஒழிகிறதோ அவர்கள் வந்து வேலை பார்த்தார்கள். யாரும் யாரையும் அதட்ட முடியாத இடம் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘போதும், நிறுத்து’ என்று சொல்லவும் அங்கே ஆள் இல்லை.

கன்றுகள் முளைத்துப் பேச ஆரம்பித்ததும், மாடத்தி அவற்றின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவள் குடம் வனைகிறவள். நாற்றங்காலுக்கு முதலில் வந்து கடைசியில் போகிறவளும் அவள்தான்.

“மேட்டுக்கு யாரு போறிய?” என்று கேட்டாள்.

“எனக்குக் காலு நனையணும். நான் கரையிலயே நிக்கேன்” என்றது பூவரசு.

“அங்க காத்து பேயா அடிக்கும். நான் ஒடிஞ்சிருவேன்” என்றது முருங்கை.

வேம்பு நீளமாக ஒரு கதையை எடுத்துவிட்டது. அதன் சாரம், வரமாட்டேன் என்பதுதான்.

கடைசிக் கொட்டானில் சாண் உயரம்கூட இல்லாத ஓர் ஆவாரை நின்றது. எங்கெங்கோ அலைந்து பொறுக்கி வந்த ஆவாரை விதைகளில் முளைத்தது அது ஒன்றுதான்.

“நான் போறேன்க்கா” என்றது அது.

“ஒத்தையிலயா?”

“நான் நின்னு காய்ச்சு வெடிச்சா, பக்கத்துல இன்னும் பத்துப் பேரு முளைப்பாவல்லா.”

அவ்வளவுதான், ஊரே உருகிப் போயிற்று. காலையில் மாடத்தி அதற்கு ஒரு சிரட்டைத் தண்ணீர் ஊற்றுவாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் பாய் முடைகிற சுடலி வருவாள். “என் ராசாத்திக்குத் தாகமா இருக்குமே” என்று ஒரு செம்பு. அதன் பிறகு ஆடு மேய்க்கிற இருளப்பன் தன் பங்குக்கு ஒரு கலயம். அப்புறம் வருகிறவர், போகிறவர், சும்மா எட்டிப் பார்த்தவர். எல்லோரும் கேட்பார்கள், “தாகமா இருக்கா?” ஆவாரையும் எல்லோரிடமும் “ஆமா” என்றே சொல்லும்.

சில நாளில் இலைகள் மஞ்சளடித்தன. “ஐயோ, வாடுதே!” என்று சுடலி அழுதுகொண்டே ஒரு குடம் கொண்டுவந்து கவிழ்த்தாள். மறுநாள் இன்னும் மஞ்சள். அதனால் இன்னொரு குடம்.

ஒரு நாள் மத்தியானம் இருளப்பனின் கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு பந்தலுக்குள் புகுந்தது. நேரே ஆவாரையிடம் போய் முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது. மாடத்தி கம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“அடிக்காதே. திங்கத்தான் வந்தேன், பொய் சொல்லல” என்றது கிடா. “ஆனா இதத் திங்க முடியாது. அடியில அழுகல் வாடை வருது. உங்க பாசத்துல வேரு ஊறிப்போச்சு.”

மாடத்தி கொட்டானைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். “உண்மையச் சொல்லு. உனக்குத் தாகமா?”

“இல்லக்கா. ஒரு நாளும் இல்ல.”

“பொறவு ஏன் எல்லார்கிட்டயும் ஆமான்னு சொன்ன?”

“ஆசையா கொண்டுட்டு வாறாவ. வேண்டாம்னா மூஞ்சி வாடிருமேன்னுதான்.”

மாடத்திக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்படியே எழுந்து, உச்சி வெயிலில் மேட்டுக்கு நடந்தாள். குழி தோண்டி, அழுகிய வேரைக் கிள்ளி எறிந்துவிட்டு ஆவாரையை நட்டாள். ஒரே ஒரு சிரட்டைத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு அதன் பக்கத்திலேயே கம்பும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் தெரிந்து ஊர் திரண்டு வந்தது. எல்லோர் இடுப்பிலும் குடம்.

“பச்சப்பிள்ளைய வெயில்ல போட்டுட்டியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?” என்று சுடலி கத்தினாள்.

“இங்க ஒரு சொட்டு விழுந்தாலும் குடம் உடையும்” என்றாள் மாடத்தி. “எல்லாம் நான் வனைஞ்ச குடந்தான். எங்க தட்டினா உடையும்னு எனக்குத் தெரியும்.”

ஊர் அவளைத் திட்டிக்கொண்டே திரும்பிப் போயிற்று. ஆட்டை விரட்டக் காவல் இருந்தவர்கள் உண்டு. அன்புள்ள மனிதர்களை விரட்டக் காவல் இருந்தவள் மாடத்தி ஒருத்திதான்.

நாலைந்து நாளில் ஆவாரை மெல்லக் கூப்பிட்டது. “யக்கா, இப்ப நெசமாவே தாகமா இருக்கு.”

மாடத்தியின் கலயத்தில் தண்ணீர் இருந்தது. கை தானாகவே அதன் மேல் போயிற்று. ஊற்றினால் இந்த வேர் என்றைக்கும் கீழே இறங்காது. ஊற்றாவிட்டால் இருக்கிற ஒரே கன்றும் செத்துப்போகலாம். எது சரி என்று அவளுக்குத் தெரியவில்லை. கலயத்தை எடுத்து, அந்தத் தண்ணீர் முழுவதையும் மடமடவென்று தானே குடித்துவிட்டாள்.

“கீழ தேடு, கண்ணு.”

“கீழ ஒரே இருட்டா இருக்குக்கா.”

“இருக்கட்டும். மேல என்கிட்ட கேட்டா நான் குடுத்துருவேன். என்கிட்ட கேக்காதே.” சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

ஆவாரை யோசித்தது. வாயைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே இருக்கிற ஈரம் மூச்சோடு வெளியே போவது அதற்குப் புரிந்தது. எனவே வாயை இறுக மூடிக்கொண்டு, இருந்த தெம்பையெல்லாம் வேருக்குக் கொடுத்தது.

மறுநாள் மாடத்தி கூப்பிட்டாள். பதில் இல்லை. இலைகள் உதிர்ந்து வெறும் குச்சியாக நின்றது. ஊரில் ஒருவரும் அவளோடு பேசவில்லை. நான்தான் கொன்றுவிட்டேன் என்று அவளும் நினைத்தாள். ஆனாலும் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கத்திரி வெயிலில் தரை வெடித்துக் கிடந்த ஒரு காலையில், அந்தக் குச்சி இலைவிட்டுக் கொத்துக் கொத்தாக மஞ்சள் பூத்திருந்தது. சுடலி ஓடிவந்து மாடத்தியைக் கட்டிக்கொண்டாள். இருளப்பன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “தாகமா இருக்கா, தாயி?” என்று பழைய ஞாபகத்தில் கேட்டார். ஆவாரை ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பேச்சு மறந்து போயிருந்தது.

பூ காயானது, காய் வெடித்தது. ஐப்பசி மழைக்கு மேடு முழுக்க ஆவாரங்கன்றுகள் எழுந்தன. மண் அடங்கிற்று, ஊருணி பிழைத்தது. வாயை மூடிய செடி பிழைத்ததைப் பார்த்து மற்ற செடிகளும் ஒவ்வொன்றாகப் பேச்சை நிறுத்தின. கடைசியாக நிறுத்தியது வேம்பு; அதற்குப் பாதிக் கதையில் நிறுத்த மனமே இல்லை.

நாற்றங்காலில்தான் திண்டாட்டம். குடத்தோடு வந்த சுடலி, கன்றுகளிடம் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டுத் திகைத்து நின்றாள். மாடத்தி அவள் கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலைக் கொட்டான் மண்ணுக்குள் அழுத்தினாள்.

“ஈரமா இருக்கு” என்றாள் சுடலி.

“அப்ப போ” என்றாள் மாடத்தி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் “யக்கா” என்று கூப்பிட்ட அந்தக் குரலை இனிக் கேட்க முடியாதே என்ற ஏக்கம் அவளுக்குக் கடைசிவரை இருந்தது.

அன்று முதல்தான் எந்தச் செடியும் வாய் திறந்து தண்ணீர் கேட்பதில்லை. நாற்றங்காலில் வேலை செய்கிறவர்களும், எவ்வளவு பாசம் பொங்கினாலும், மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்த பிறகே குடத்தைச் சாய்க்கிறார்கள்.