ஒரு கட்டை, ஆறு சக்கரம்

மலைச்சரிவில் பங்களா கட்டும் வேலை. அங்கே தண்ணி கொண்டுவரும் டேங்கர் லாரிக்கு ஹேண்ட்பிரேக் போய் ஆறு மாசம். போன வாரம் அது தன்னால உருண்டு வந்து, வெத்தலை போட்டுக்கொண்டிருந்த மாசானத்தின் இடது காலில் ஏறி நின்றது. மாவுக்கட்டோடு போனவனைப் பெண்டாட்டி பூரணம் வாசலிலேயே மறித்தாள்.

"இருக்கிற ஒத்தைக் காலையும் ஒடிச்சுக்கிட்டு வந்தீருன்னா, வீட்டுப்படி மிதிக்கக் கூடாது!"

ரெண்டும் ஒடிந்தபின் எந்தக் காலால் மிதிப்பது என்று மாசானம் இரண்டு நாள் யோசித்தான்.

கான்ட்ராக்டர் மகராசன், ஹேண்ட்பிரேக்கை மாற்றவில்லை. பலகை எழுதி வைத்தார்: 'சரிவில் லாரி நின்றால் சக்கரத்துக்குக் கட்டை வைக்கவும்.' இனி எவனுக்கு அடிபட்டாலும் பலகை பார்த்துக்கொள்ளும்.

மறுநாள் டிரைவர் லாரியை நிறுத்திவிட்டு டீக்குப் போனார். மாசானம், கூட வேலை செய்யும் சுடலை, இசக்கி மூவரும் பலகையைப் படித்துவிட்டு நல்ல தடிக்கட்டை ஒன்றைத் தூக்கி வந்தார்கள்.

"எந்தச் சக்கரத்துக்கு வைக்க?" என்றான் சுடலை.

"பலகையில அது போடலியே," என்றான் இசக்கி.

"ஒண்ணுக்கு வச்சா மத்த அஞ்சும் ஓடிராதாலே?" என்றான் மாசானம். அடிபட்ட அனுபவஸ்தன் சொல்லுக்கு மறுபேச்சு உண்டா? கட்டையை ஆறாகப் பிளந்து, சக்கரத்துக்கு ஒரு சிராய் வைத்தார்கள்.

லாரி ஆறையும் நொறுக்கிக்கொண்டு இறங்கி, இசக்கியின் முழங்கையைப் பெயர்த்துவிட்டு மணல் குவியலில் முட்டி நின்றது. டிரைவர் ஓடிவந்து அதை மறுபடி மேட்டில் ஏற்றினார். "ஒழுங்கா வைங்கடா!" என்று கத்திவிட்டு, மிச்ச டீ ஆறுமே என்று ஓடினார்.

இப்போது கட்டை இல்லை.

"போன வாரம் இது எதுல நின்னுச்சு?" என்று கேட்டான் சுடலை.

"என் கால்லதாம்லே," என்றான் மாசானம், கொஞ்சம் பெருமையாகவே.

மூவரும் தங்கள் கால்களை எண்ணினார்கள். சரியாக ஆறு இருந்தது.

மாசானம் நல்ல காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "நல்ல கால் வேண்டாம்பா. வீட்ல சேர்க்க மாட்டா."

"அப்ப அந்த ஒரு சக்கரம் சும்மா இருக்குமா அண்ணாச்சி? ஓடி வந்து உங்க நல்ல காலைத்தான் பிடிக்கும்," என்றான் சுடலை.

ஐயோ என்று பதறி, மாசானம்தான் முதலில் அதைச் சக்கரத்துக்கு முன்னால் நீட்டினான். மற்ற இருவரும் பக்கத்தில் படுத்தார்கள். ஆளுக்கு ரெண்டு சக்கரம்.

"அண்ணாச்சி," என்றான் இசக்கி, "மூணு பேரும் இங்க கிடக்கோம். லாரி நகர்ந்தா சத்தம் போட ஆள் வேண்டாமா?"

"கூறுகெட்டவனே," என்றான் மாசானம், நிம்மதியாகக் கண்ணை மூடியபடி. "அது நகரட்டும். சத்தம் தானா வரும்."