திங்கட்கிழமைக்குப் பன்னிரண்டு நைட்டி

சிஷ்யைக்கு வயது நாற்பத்து நான்கு. குருவுக்கு முப்பத்தொன்று. ஈரோட்டில் நைட்டி தைத்து ஊர் ஊராக அனுப்புகிற கம்பெனியில் இதை யாரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை. யாருக்கு வேலை தெரியுமோ அவர் குரு, அவ்வளவுதான்.

குருவின் பெயர் மைமூன். எந்த சீசனுக்கு என்ன டிசைன், என்ன நிறம் என்று அந்தக் கம்பெனியில் முடிவு செய்கிறவள். சிஷ்யையின் பெயர் ஹேமலதா. பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தவள். பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிவிட்டார்கள். ஃபேஷன் டிசைன் கோர்ஸ் ஒன்றைப் படித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தாள். மைமூன் உட்பட எல்லோரும் அவளை இன்னும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

தீபாவளிக்கான ரேஞ்சை அவளிடம் கொடுத்திருந்தார்கள். ரேஞ்ச் என்றால் பன்னிரண்டு நைட்டி. பன்னிரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி சாயலில் சேர்ந்திருக்க வேண்டும், ஆனால் ஒன்று போல இன்னொன்று இருக்கக் கூடாது.

திங்கட்கிழமை காலையில் வியாபாரிகள் வருவார்கள். சேலம், தர்மபுரி, திண்டுக்கல் என்று பல ஊர்க்காரர்கள். அதிகம் பேச மாட்டார்கள். பிடித்திருந்தால் துணியைத் தொட்டுப் பார்ப்பார்கள். பிடிக்கவில்லையென்றால் புறங்கையால் தள்ளிவிடுவார்கள். இதற்கு முன்னால் இருந்த பெண்ணின் பன்னிரண்டையும் அப்படித்தான் தள்ளினார்கள். அடுத்த நாள் அவளுடைய மேஜை காலியாக இருந்தது. அந்த மேஜையில்தான் இப்போது ஹேமலதா உட்கார்ந்திருக்கிறாள்.

அவளுக்குச் சோறு இறங்கி ஒரு வாரம் ஆகிவிட்டது. இந்த வயதில் இன்னொரு இடத்தில் யார் வேலை கொடுப்பார்கள்? கண்ணை மூடினால் புறங்கைகள்தான் வந்தன.

சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம் மைமூன் சாம்பிள்களைப் பார்க்க வந்தாள். பன்னிரண்டும் கம்பியில் தொங்கின. எல்லாம் வெளிர் நிறம். நிலா வெளிச்சத்தை மனதில் வைத்துச் செய்ததாம். காற்றுப் போல மெல்லிய துணி, அகலமான கழுத்து, இரண்டு விரற்கடைக் கை. கேலி செய்ய ஆசைதான், ஆனால் முடியாது. உண்மையிலேயே அழகாக இருந்தன.

மைமூன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கடைசி நைட்டிக்கு வரும்வரை ஹேமலதாவுக்குப் பொறுக்கவில்லை.

"நல்லா இல்லைங்களா மேடம்?"

"அழகா இருக்குதுங்க டீச்சர்."

அதைச் சொன்ன விதத்தில் ஹேமலதாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"இது யாருக்குங்க?" என்று மைமூன் கேட்டாள்.

"முப்பதுல இருந்து அம்பது வயசு. சின்ன ஊரு. நடுத்தரக் குடும்பம். வீட்டுல இருக்கற பொம்பளைங்க. நம்ம டார்கெட் மார்க்கெட் அதுதானுங்களே."

"அவங்களப் பாத்திருக்கீங்களா?"

ஹேமலதா பார்த்ததெல்லாம் போனில் வந்த படங்கள். அந்தப் படங்களில் ஒருத்தி ஜன்னலோரம் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருப்பாள். தலை கலைந்திருக்கும், கலைந்ததும் அழகாக இருக்கும். அவளை எந்தத் தெருவிலும் பார்த்ததாக ஹேமலதாவுக்கு ஞாபகமில்லை.

"தெரியலீங்க மேடம். எனக்குப் பயமா இருக்குது. அந்தப் பொம்பளைய எங்க போய்ப் பாக்கறதுன்னு மட்டும் சொல்லுங்க. இப்பவே போறேன். ஏதாச்சும் கடையில போய் நிக்கட்டுங்களா?"

"கடை வேண்டாமுங்க. இந்தப் பன்னண்டுல உங்களுக்கு ரொம்பப் புடிச்சது எது?"

ஹேமலதா இளநீல நைட்டியைக் காட்டினாள்.

"அதை எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வாங்க."

மைமூனின் வீடு அடுத்த தெருவில். அவள் கணவர் வெளியூர் போயிருந்தார், குழந்தை அம்மா வீட்டில். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"போட்டுப் பாருங்க டீச்சர். போட்டுட்டு ஒரு அரை மணி நேரம் சும்மா இருங்க. டீ வெச்சுக் குடிங்க, உக்காருங்க, எந்திரிங்க. துணி எங்க இழுக்குதுன்னு தெரியும்."

இதில் பயப்பட என்ன இருக்கிறது? ஹேமலதா உள் அறைக்குப் போய்ப் புடவையை அவிழ்த்து வைத்துவிட்டு நைட்டியை மாட்டிக்கொண்டு வந்தாள். எங்கேயும் இழுக்கவில்லை. உடம்பில் துணி இருப்பதே தெரியவில்லை. பல நாள் கழித்து அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"மாடியில துணி காயுது, எடுத்துட்டு வந்தர்றேன்" என்று மைமூன் சொன்னாள்.

ஹேமலதா சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். மைமூன் உள் அறைக்குள் போய் வந்து படியேறுகிற சத்தம் கேட்டது. பால் பொங்கி வருகிற நேரத்தில் வாசலில் பெல் அடித்தது.

அடுப்பை அணைத்துவிட்டு வாசல் கதவுக்கு வந்தாள். அவளுடைய கை தானாகக் கதவுப் பக்கத்துச் சுவருக்குப் போனது. அவள் வீட்டில் அந்த இடத்தில் ஓர் ஆணி இருக்கும். ஆணியில் ஒரு துண்டு தொங்கும். பால்காரரோ கொரியர்காரரோ எதிர்வீட்டு மாமாவோ, யார் பெல் அடித்தாலும் முதலில் துண்டு தோளுக்கு வரும், அப்புறம்தான் தாழ்ப்பாள் திறக்கும். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். அவள் மாமியாரும் அப்படித்தான், அவள் தெருவே அப்படித்தான்.

இங்கே ஆணி இருந்தது. துண்டு இல்லை.

பெல் மறுபடியும் அடித்தது.

ஹேமலதா உள் அறைக்கு ஓடினாள். கழற்றி வைத்த புடவையைக் காணோம். கட்டிலில் போர்வை இல்லை. நாற்காலியில் ஒரு துப்பட்டாகூட இல்லை. பொம்பளை இருக்கிற வீட்டில் ஒரு துப்பட்டா இல்லாமல் இருக்குமா? ஜன்னல் திரையைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட யோசித்தாள். அவ்வளவு பயம்.

"அக்கா! தண்ணிக் கேனுங்க! கனமா இருக்குதுங்க!"

"மேடம்!" என்று மாடியைப் பார்த்துக் கூப்பிட்டாள். வாசலில் கேட்டுவிடுமோ என்று சத்தமாகக் கூப்பிடவில்லை.

குனிந்து பார்த்தாள். மணிக்கணக்காக உட்கார்ந்து, பென்சிலைச் சீவிச் சீவி அவள் வளைத்து வரைந்த கழுத்து. அதைப் போல அசிங்கமான ஒன்றை அவள் ஜென்மத்தில் பார்த்ததில்லை. வெளியே நிற்பவன் நல்லவனோ கெட்டவனோ, அதைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. அவன் ஓர் ஆண். அது போதும்.

கழுத்துத் துணியை வலது கையால் கொத்தாகப் பிடித்துக்கொண்டு இடது கையால் தாழ்ப்பாளை எடுத்தாள். உடம்பைக் கதவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தலையை மட்டும் நீட்டினாள்.

தோளில் கேனோடு நடுத்தர வயது ஆள் ஒருவர் நின்றார். வேர்த்து வழிந்துகொண்டிருந்தது.

"உள்ள கொண்டாந்து வெக்கட்டுங்களா?"

"வேண்டாம், வேண்டாம். அங்கயே வைங்க."

வைத்தார். "காலிக் கேன் குடுங்க அக்கா."

காலிக் கேன் ஹாலின் அந்தக் கோடியில் இருந்தது. அதை எடுக்க அவள் நடந்து போக வேண்டும், குனிய வேண்டும், தூக்கிக்கொண்டு திரும்பி வர வேண்டும். அந்த அகலக் கழுத்தோடு, அந்த மெல்லிய துணியோடு.

"காலிக் கேன் இல்லீங்க."

கதவிடுக்கு வழியாக அவருக்குக் கேன் நன்றாகவே தெரிந்தது. ஒரு நொடி அதைப் பார்த்தார். அப்புறம் அவளுடைய முகத்தைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க, நாளைக்கு வாங்கிக்கறேன்" என்று கேட்டைச் சாத்திவிட்டுப் போனார்.

ஹேமலதா கதவைத் தாழிட்டாள். கதவில் சாய்ந்துகொண்டாள். திங்கட்கிழமையை நினைத்து ஒரு வாரமாகப் பயந்திருக்கிறாள். அதெல்லாம் இந்த இரண்டு நிமிடத்தின் கால் தூசிக்கு வராது.

மைமூன் படியிறங்கி வந்தாள். இரண்டு கையிலும் அள்ளிய துணி. துண்டு, துப்பட்டா, போர்வை, எல்லாம் அதில் இருந்தன. மேலே மடித்து வைத்த ஹேமலதாவின் புடவையும் இருந்தது.

புடவையைக் கண்டதும் அவளுக்கு விஷயம் புரிந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"வேணும்னுதான் பண்ணுனீங்களா?"

"ஆமாங்க."

"அந்த ஆளையும் நீங்கதான் வரச் சொன்னீங்களா?"

"தண்ணி வேணும்னு போன் பண்ணுனேன். நம்ம ஆறுமுகம் அண்ணன்தான். மாடிப்படியிலதான் நின்னுட்டிருந்தேன், எங்கயும் போகலைங்க."

"நான் என்ன தப்புப் பண்ணுனேன் மேடம்? இப்படி உயிர் போற மாதிரி..."

மைமூன் துணிகளைச் சோபாவில் போட்டாள். ஒரு துண்டை உருவி ஹேமலதாவின் தோளில் போர்த்தினாள். அவளே அதன் இரண்டு முனையையும் முன்னால் இழுத்துவிட்டாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைங்க டீச்சர். டெய்லரம்மாவ காலையிலயே வரச் சொல்லியிருக்கேன்."

"எதுக்கு? சாம்பிள்தான் பன்னண்டும் முடிஞ்சு போச்சுங்களே."

மைமூன் புடவையை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

ஹேமலதாவுக்குக் கோபம் வந்தது. "அந்தப் பொம்பளைய எங்க பாக்கறதுன்னுதானே நான் கேட்டேன்? நீங்க எனக்கு யாரைக் காட்டுனீங்க? வாசல்ல ஒரு தண்ணிக் கேன்காரரு நின்னாரு. வேற யாரு இருந்தாங்க?"

"வாசல்ல நின்னவர விடுங்க. கதவுக்குப் பின்னாடி ஒருத்தி நின்னா. அவளப் பாத்தீங்களா?"