அப்பாவின் கல்லுக்கு நாலு வரி

"என்னால முடியலை, தெலெரி. கல்தச்சர்கிட்ட சொல்லிடறேன். கல்லு வெறுமனே இருக்கட்டும்."

தெலெரி ஆட்டைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு கம்பளி கத்தரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

வேல்ஸ் நாட்டின் அந்த மலையூரில், செத்தவர் கல்லறையில் நாலு வரிக் கவிதை வெட்டுவது வழக்கம். வெல்ஷ் மொழியில்தான். ஒரு வரியின் முன்பாதியில் வந்த மெய்யெழுத்துகள் பின்பாதியிலும் அதே வரிசையில் வர வேண்டும். நம் வெண்பாக்காரர்களுக்கே வியர்த்துவிடும்.

அதைக் கற்றுத்தருபவள் தெலெரி. ஓர் எழுத்து பிசகினாலும் தாளை முகத்தில் எறியாத குறையாகத் திருப்பித் தருவாள். வயது முப்பது. சீடர் இத்வாலுக்கு ஐம்பத்தாறு.

"எங்க இடிக்குது?"

"எங்கயும் இடிக்கலை. அதுதான் வயித்தெரிச்சல். எல்லாம் சரியா இருக்கு, உயிர்தான் இல்ல."

"ம்."

"அப்பா என்கிட்ட ஒரு வார்த்தை வெல்ஷ்ல பேசினதில்ல. இங்கிலீஷ் இருந்தாத்தான் பிள்ளை பிழைப்பான்னு நினைச்சார். நான் போன வருஷம் கத்துக்கிட்டவன். அவர் கல்லுல எழுத எனக்கு என்ன பாத்தியதை?"

"அவர் யார்கிட்டதான் வெல்ஷ் பேசினார்?"

"நாய்கிட்ட."

சொல்லும்போதே இத்வாலின் முகம் சிவந்தது. இந்த வயதிலும் நாயிடம் பொறாமை.

அந்த நாய் பட்டி வாசலில் படுத்துக் கிடந்தது. கிழவர் போனதிலிருந்து இத்வால் இங்கிலீஷில் எப்படிக் கூப்பிட்டாலும் காதைக்கூட அசைப்பதில்லை.

"கூப்பிடுங்க," என்றாள் தெலெரி.

"வராது."

"சாயங்காலம் மலையிலேர்ந்து உங்கப்பா எப்படிக் கூப்பிடுவார்? அப்படிக் கூப்பிடுங்க."

இத்வால் பட்டி வாசல் பக்கம் திரும்பினார். பிறகு அப்பா சொன்னது அப்படியே வெல்ஷில் வந்தது.

"போதும்டா தங்கம், வா. மிச்ச மலையை நாளைக்குப் பார்த்துக்கலாம்."

நாய் எழுந்தது. நேரே வந்து அவர் முழங்காலில் சாய்ந்துகொண்டது.

இத்வால் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. அப்பாடா என்றிருந்தது.

தெலெரி கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, அந்த வரியை முணுமுணுத்தபடி விரல் விட்டு எண்ணினாள்.

"ஒரு எழுத்து இடிக்குது."

இத்வால் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"இடிச்சுட்டுப் போகட்டும்," என்றாள் தெலெரி. "மீதி மூணு வரியைச் சொல்லுங்க."