மூன்றில் ஒரு பங்கு மாப்பிள்ளை

கோவில்பட்டியில் பேச்சியம்மாள் நடத்தும் கல்யாணத் தகவல் மையத்தில் சுடலைமணி, ஆவுடையப்பன், தளவாய் என்று மூன்று கணினிக்காரர்கள் உண்டு. மூவருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்தது. அன்றைக்கு அது லீவு.

பேச்சியம்மாளின் தம்பி செண்பகராஜுக்குச் சாத்தூரில் ஒரு இடம் கூடி வந்திருந்தது. சாயங்காலத்துக்குள் மாப்பிள்ளை படம் வராவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். ஊர், ராசி, படிப்பு, படம் எல்லாம் எக்ஸ்எம்எல் என்ற எழுத்துக் கோப்பாகத்தான் சாத்தூர் மையத்துக்குப் போக வேண்டும். அங்கே பார்சர் என்றொரு நிரல் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்துத்தான் உள்ளே விடும். மூவரும் படத்தை அப்படியே கோப்புக்குள் திணித்தார்கள். பார்சர் திருப்பி அனுப்பிவிட்டது.

வெளியூர் போயிருந்த பேச்சியம்மாளுக்குப் போன் போட்டார்கள்.

"உள்ள எங்கயாவது கூரா ஒரு குறி வந்திருக்கும். அதைக் கண்டா பார்சர் அங்கனயே நின்னுரும்லா," என்றாள்.

மூவரும் படத்தை உற்றுப் பார்த்தார்கள். செண்பகராஜின் முறுக்கு மீசை இரண்டு பக்கமும் கூராக நின்றது.

"இந்தா இருக்குலே!" என்றான் தளவாய். "இடப்பக்கம் ஒண்ணு, வலப்பக்கம் ஒண்ணு."

எண்ணெய் தடவி ஆசையாக வளர்த்த மீசை. பக்கத்தில் நின்ற செண்பகராஜ், பாவம், கண் கலங்கினார்.

"அண்ணே, மீசை வேணுமா, பொண்ணு வேணுமா?"

மீசை போயிற்று. புதுப் படம் எடுத்து அனுப்பினார்கள். அதையும் பார்சர் திருப்பி அனுப்பியது.

"கூறுகெட்டவனுகளா!" என்று போனில் கத்தினாள் பேச்சியம்மாள். "படத்தை முழுசா எழுத்தா மாத்தணும்லே. அதுக்குன்னு ஒரு பொத்தான் இருக்கு, அமுக்குங்க. அளவு மூணுல ஒரு பங்கு பெருக்கும், பயப்படாதீங்க, அங்க போனதும்..."

பெருக்கும் என்றதுமே சுடலைமணி பதறிப்போய்ப் போனை வைத்துவிட்டான்.

"அண்ணன் ஏற்கெனவே பூசினாப்ல இருக்காரு. இன்னும் பெருத்தா எந்தப் பொண்ணு சம்மதிக்கும்?"

"பட்டினி போட்டுருவமா?"

"சாயங்காலத்துக்குள்ள எப்படிலே மெலிவாரு?"

ஆவுடையப்பன் வெகுநேரம் யோசித்தான். "மூணுல ஒரு பங்கைக் குறைச்சே படம் எடுப்போம். போற வழியில பெருத்துச் சரியாயிரும்."

செண்பகராஜை இஞ்சு டேப்பால் அளந்து, இடது காதும் இடது கையும் மறையும்படி பீரோவுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். படம் எடுத்து, பொத்தானை அமுக்கி அனுப்பினார்கள். பார்சர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. மூவரும் வடை வாங்கித் தின்றார்கள்.

சற்று நேரத்தில் பெண்ணின் அப்பா கூப்பிட்டார். "தம்பி, மாப்பிள்ளைக்கு ஒரு கையும் ஒரு காதும் எங்கே?"

"இன்னும் பெருக்கலையா? கொஞ்சம் பொறுங்க, வந்துரும்," என்ற சுடலைமணி, மீசையில் தொடங்கி நடந்ததையெல்லாம் பெருமையாக விளக்கினான்.

மறுமுனையில் பெண் இந்துமதி விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. "அப்பா, இவ்வளவு சொன்ன பேச்சு கேக்குற ஆளு லேசுல கிடைக்க மாட்டாரு. பேசி முடிங்க."

முகூர்த்தத்தன்று மேளம் கொட்டும் நேரத்தில், மூவரும் வியர்க்க விறுவிறுக்க மணமேடைக்குப் பீரோவைத் தூக்கி வந்தார்கள்.

"அனுப்புன படத்துக்கும் ஆளுக்கும் வித்தியாசம் வரக்கூடாதுல்லா!" என்றான் ஆவுடையப்பன்.

செண்பகராஜ் எழுந்தார். பீரோவுக்குப் பின்னால் போய் அளவு பார்த்து நின்றுகொண்டு, ஒற்றைக் கையால் தாலியை நீட்டினார்.